புகையில்லாத ஜீப்

"பீரோ கண்ணாடியக் கழட்டாதன்னு சொல்றேன், காதுல வுழுதாய்யா..."

"இந்த வூட்ல மட்டமா வேற இன்னா கீது, நீயே சொல்லு..."

"எங்கம்மா குடுத்த பீரோ அது!"

"உங்கம்மாவோட பேத்திக்குத்தான் தேய்க்கறேன்!"

அமுதவல்லி கண்ணாடியின் மறுமுனையைத் தாங்கிப் பிடித்தாள்.

கண்ணாயிரம் கண்ணாடியை வாசலில் மல்லாத்தி, மேலே உப்புத்தாளை ஒட்டினான். ஜீப்பிலிருந்து கழற்றிய மேனிஃபோல்டைக் கவிழ்த்து வைத்துத் தேய்க்க ஆரம்பித்தான். எஞ்சின் புகையைச் சேர்த்து சைலன்சருக்கு அனுப்புகிற இரும்பு அது. சூட்டில் கோணிப்போய், புகையெல்லாம் மலைக்கே கேட்கிற படபட சத்தத்தோடு சீட்டுப் பக்கம் அடித்தது. போன வாரம் சவாரி வந்த இரண்டு பேர் வழியிலேயே வாந்தி எடுத்தார்கள்.

மகள் பூவிழிக்கு நாளைக்கு செங்கம் ஆஸ்பத்திரியில் சேரச் சொல்லி நாள் குறித்திருந்தார்கள். நிறைமாசம், மூச்சு வேறு வாங்குகிறது. அவளைக் கட்டிக்கொடுத்த மேல் ஊருக்கு பஸ்ஸும் கிடையாது, போன் டவரும் கிடையாது. 'காலையில வர்றேன்' என்று மருமகனுக்கு ஆள் விட்டுச் சொல்லியிருந்தான்.

"லேத்துல குடுத்தா இன்னா?"

"மூணு நாளாவும். அதுவரிக்கும் கொயந்த நிக்குமா?"

இரும்பின் முகத்தில் பேனாவால் குறுக்கும் நெடுக்கும் கோடு கிழித்தான். மேட்டில் இருந்த கோடுகள் அழிந்தன; பள்ளத்தில் இருந்தவை அப்படியே நின்றன. அத்தனையும் அழிந்தால்தான் மட்டம். பொழுது சாயும்போது விரல் நுனியெல்லாம் ரத்தம் கசிந்தது.

"இம்மாம் செய்றவன் அந்த ஹாரனையும் பாரேன். செத்து ரெண்டு வருசமாவுது."

"நம்ம வண்டிக்கு ஹாரன் எதுக்குடி?"

மறுநாள் காலை, புது பேக்கிங் வைத்து முடுக்கி ஸ்டார்ட் செய்தான். அமுதவல்லி குனிந்து இணைப்பில் கையை வைத்துப் பார்த்தாள். பொட்டுப் புகை இல்லை.

"தையல் மிஷின் கணக்கா ஓடுதேய்யா!"

எட்டு மணிக்கெல்லாம் கண்ணாயிரம் மேல் ஊர்த் திருப்பத்தில் இருந்தான். அதற்குமேல் ஜீப் ஏறாது. அரை மணி நேர ஒற்றையடிப் பாதை. வழக்கமாக அவன் வந்து நிற்பதற்குள் சவாரிக்காரர்கள் இறங்கி வந்திருப்பார்கள். இன்று ஒருவரும் இல்லை.

'புள்ளத்தாச்சி, மெள்ளத்தான் வருவா.' சீட்டின்மேல் போர்வையை நாலாக மடித்துப் போட்டுவிட்டுக் காத்திருந்தான். ஒன்பது ஆயிற்று. பத்தும் ஆயிற்று. பாதையில் ஓட்டமும் நடையுமாக ஏறினான்.

சம்பந்தி சாந்தம்மாள் அவனைப் பார்த்ததும் கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டாள்.

"இப்ப வந்து நிக்கறீங்களே! வெடிகாலயிலயே வலி எடுத்துடுச்சி. ஒம்போது மணி வரிக்கும் பார்த்துட்டு, வண்டி ரிப்பேருன்னு நெனச்சி, எம் புள்ள அவள அந்தாண்ட காட்டு வழியா நடக்க வெச்சே இட்டுக்கினு போய்ட்டான்."

"நடந்தா? வலியோடவா? எட்டு மணிலேர்ந்து நான் கீழதாம்மா நிக்கறேன்!"

சாந்தம்மாள் அவனையே வெறித்தாள்.

"நின்னீங்களா? வண்டி சத்தமே கேக்கலியே, சம்மந்தி."