நீல நாற்காலி

"என் பொண்ணுக்கு வாய் நீளம். அவ கத்த ஆரம்பிச்சா என்ன பண்ணுவீங்க டீச்சரம்மா? கேக் குடுத்து அடக்குவீங்களா?" என்று சிரித்தார் டெல்பர்ட்.

பெவர்லி சர்ச்சின் கீழ்த்தளக் கூடத்தில் நாற்காலிகளுக்கு நாடா ஒட்டிக்கொண்டிருந்தாள். குடியரசுக் கட்சிக்காரர்களுக்குச் சிவப்பு, ஜனநாயகக் கட்சிக்காரர்களுக்கு நீலம். இரண்டு தரப்பும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவரையொருவர் கடித்துக் குதறாமல் பேசப் பழக வேண்டும் என்பது அவளுடைய 'ஒரே மேசை' குழுவின் கொள்கை.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் அந்தச் சிற்றூரில் குழுவுக்கு வருகிறவர்கள் பத்துப் பேர் தேறினால் அதிகம். பெரும்பாலும் யாரோடும் சண்டை போடத் தெம்பில்லாதவர்கள். மாதம் ஒரு முறை கூடி, எலுமிச்சைக் கேக் தின்று, "இன்னிக்கு நிறையக் கத்துக்கிட்டோம்" என்று ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொடுத்துவிட்டுக் கலைவார்கள். ஊரில் அதனால் ஒரு சண்டையும் நின்றதாகத் தெரியவில்லை.

அந்தக் குழுவைத் தன் டயர் கடையில் உட்கார்ந்து வாய் ஓயாமல் கிண்டல் செய்தவர்தான் டெல்பர்ட். உள்ளூர்க் குடியரசுக் கட்சிக் கிளையின் செயலாளர். அவரே இன்று இங்கே வந்திருந்ததற்குக் காரணம் இருந்தது. மூன்று வருடமாக அவரோடு பேசாத ஒரே மகள் மார்னி, அடுத்த வாரம் குடும்பத்தோடு நாட்டின் மறுகோடியில் இருக்கும் ஆரிகனுக்குக் குடிபோகிறாள். அவர் கூப்பிட்டால் அவள் போனை எடுப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்த பெவர்லி கூப்பிட்டதற்கு மட்டும், "சரி, ஒரு தடவை வரேன்" என்றிருந்தாள்.

பெவர்லிக்குத் தலைகால் புரியவில்லை. குழு தொடங்கியதிலிருந்து உருப்படியாக ஒரு குடும்பத்தையும் சேர்த்து வைத்ததில்லை. அப்பாவும் மகளும் கட்டிப்பிடிக்கும் படம் ஒன்று கிடைத்தால் மாவட்டப் பத்திரிகையில் போடச் சொல்லலாம். கைபேசியைத் துடைத்துத் தயாராக மேசைமேல் வைத்திருந்தாள்.

"அவ வர்றதுக்குள்ள சொல்லுங்க. எப்படி ஆரம்பிச்சுது?"

"எப்படி ஆரம்பிக்கும்? போன தேர்தல்ல எங்க ஆள் ஜெயிச்சாரு. அந்த வாரமே என் மனைவி லொரெய்னை அடக்கம் பண்ணோம். கல்லறையில வச்சு மார்னி என் கோட்டுல இருந்த கட்சி பேட்ஜைப் பார்த்தா. அப்படியே மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனவதான்."

"அப்ப என்ன சொன்னா?"

"என்ன சொல்லணும்? கொலம்பஸ்ல காலேஜ்ல வேலை. அவளைச் சுத்தி இருக்கறதெல்லாம் அந்தக் கட்சிக்காரங்கதான்னு எனக்குத் தெரியாதா? தோத்த வயித்தெரிச்சல் தாங்கல. பெத்த அப்பனை விடப் பெருசாப் போச்சு கட்சி."

பெவர்லி கண்ணை மூடித் தலையசைத்தாள். "அரசியல் எத்தனை வீட்டைப் பிரிச்சிருக்கு பாருங்க" என்று பெருமூச்சு விட்டாள். இந்த வாக்கியத்தை அவள் எல்லாக் கூட்டத்திலும் சொல்வாள். இன்று அதற்கு ஓர் உதாரணம் கிடைத்ததில் குரல் கொஞ்சம் இனித்தது.

கதவு திறந்தது. மார்னி மேலங்கியைக் கழற்றாமலே உள்ளே வந்தாள். அப்பாவைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றாள். டெல்பர்ட் எழப்போனவர், என்ன நினைத்தாரோ, கையைக் கட்டிக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"வா மார்னி, காபி?"

"வேண்டாம் டீச்சர். சீக்கிரம் முடிச்சுக்கலாம்."

"எங்க விதி ரொம்ப எளிசு. யாரும் யாரையும் மாத்தப் பார்க்கக் கூடாது. இவர் ஏன் அந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார்னு இவர் சொல்வார், நீ பொறுமையாக் கேட்கணும். அப்புறம் நீ ஏன் இந்தப் பக்கம்னு சொல்லுவே, இவர் கேட்பார்." பெவர்லி நீல நாற்காலியைக் காட்டினாள்.

மார்னி அதைப் பார்த்தாள். பிறகு சுற்றிக்கொண்டு போய், அப்பாவின் வரிசையிலேயே, அவரிடமிருந்து ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள்.

"அது சிவப்புப் பக்கம்மா."

"தெரியும் டீச்சர். நானும் அவர் போட்ட ஆளுக்குத்தான் போட்டேன்."

பெவர்லியின் கை கைபேசிமேல் அப்படியே நின்றது. நாற்காலி நாடாவைத் தவிர வேறெந்த யோசனையும் அவளிடம் இல்லை. எல்லாருக்கும் கேக் வெட்டலாமா என்பது போல மேசையைப் பார்த்தாள்.

டெல்பர்ட் லேசாகச் சிரித்தார். மூன்று வருடம் டயர் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் மகளைப் பற்றிச் சொன்னது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்திருக்க வேண்டும். சிரிப்பு பாதியில் நின்றது.

"பொய் சொல்றே."

"நான் யாருக்காகப்பா பொய் சொல்லணும்?"

"நீ நம்ம பக்கம்னா..." அவர் குரல் உயர்ந்தது. "அப்ப எதுக்குடி மூணு வருஷம் என்கிட்ட பேசாம இருந்தே? தேர்தலன்னிக்கு நான் காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் வாக்குச்சாவடி வாசல்ல நின்னது உனக்கும் சேர்த்துத்தானே?"

மார்னி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் ஓட்டுப் போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துட்டேன்பா. அம்மா கண்ணை மூடற வரைக்கும் நீங்க வரல."