பிக்கப் இல்லாத கார்

பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு பிளக், ஃபில்டர், பெட்ரோல் பம்ப் எல்லாம் மாற்றியாகிவிட்டது. குறைந்துபோன பிக்கப் மட்டும் திரும்பவில்லை.

“மேடு ஏறவே மாட்டேங்குது. இஞ்சினையே இறக்கிப் பார்த்துடுங்க,” என்றார் கணவர், அலுப்புடன்.

மெக்கானிக் பெருமூச்சு விட்டார். “இனி கழட்டறதுக்கு என் சட்டைதான் சார் பாக்கி.”

“நான் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கறேன்,” என்று மனைவி சாவியை வாங்கினாள். கணவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அவள் மிதித்ததும் கார் சீறிக்கொண்டு மேடேறியது. உச்சியில் நிறுத்தினாள்.

“வண்டி நல்லாத்தான் இருக்குங்க.” அவள் பார்வை அவருடைய வலது காலுக்குப் போனது. “எப்பலேருந்து இப்படி?”

அவர் முழங்காலைத் தடவினார்.

“கொஞ்ச நாளாவே மரத்துப் போகுது. மிதிச்சா அழுத்தமே வரல. கோளாறு வண்டியிலதான் இருக்கணும்னு வேண்டிக்கிட்டே இருந்தேன்.”