இரண்டு குடம் தண்ணீர்

உடன்குடியில் சந்தை கூடும் நாளில் செல்லக்கனி தன் கருப்பட்டிக் கடையைத் திறக்கவில்லை.

“ஏளா, புறவாசல்ல ரெண்டு குடம் தண்ணி எடுத்து வையி. வந்ததும் தலை முழுகணும்” என்று மகளிடம் சொல்லிவிட்டுத் தூத்துக்குடிக்கு பஸ் ஏறினாள்.

அங்கே அண்ணன் மந்திரமூர்த்தியின் புது வீட்டுப் பால்காய்ப்பு.

“கடையை அடைச்சிட்டா வந்த?” அவருக்கு வாயெல்லாம் பல்.

“ஆமாண்ணே. இதுக்கு வராம இருக்க முடியுமா?”

“பாத்தியளா? எதை விடணும்னு எந்தங்கச்சிக்குத் தெரியுது” என்று வந்தவர்களிடம் பெருமையடித்தார். “நானும் கண்ட இடத்துக்கு அலையிறதில்ல. அதனாலதான் ஆறே மாசத்துல இந்த வீடு எழும்பிச்சு.”

செல்லக்கனி ஓரமாக உட்கார்ந்தாள். பாயசம் வேண்டாமென்றாள். பத்து நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வாசலில் இறங்கினாள்.

மந்திரமூர்த்தி பின்னாலேயே ஓடிவந்து குரலைத் தாழ்த்தினார். “ஏளா, நல்ல காரியத்துக்கு வந்துட்டு, போயிட்டு வாரேன்னு சொல்லாமப் போற? சாவு விழுந்த துட்டி வீட்டுலதான அப்படிப் போவாங்க?”

அவள் நின்றாள்.

“எங்க வீட்டுக்காரர் செத்த அன்னைக்கு, அண்ணன் கோடிச்சேலையோட வருவாகன்னு சாயங்காலம் வரைக்கும் பொணத்தை எடுக்காமப் போட்டிருந்தோம். அஸ்திவாரத்துக்கு நாள் பாத்திருக்கேன்னு போன்ல சொன்னிய.”

“அது... அன்னைக்கு நேரமில்லாம...”

“அன்னைக்கே எங்க அண்ணன் செத்துட்டாக. துட்டி கேக்க எனக்கு இன்னைக்குத்தான் நேரம் கிடைச்சுது.”