காயாத எண்ணெய்

பட்டறைக்குச் சீர்செய்ய வந்த பழைய வேட்டைத் துப்பாக்கியைக் கழற்றி, இரும்புக் குழலைச் சுவரில் சாய்த்துவிட்டு, அதன் பின்பக்க மரக்கட்டையை மேசைமேல் கிடத்தியிருந்தார் வேதமுத்து. தினமும் காலையில் ஆளிவிதை எண்ணெயைச் சில சொட்டு விட்டு, சூடேறும்வரை உள்ளங்கையால் தேய்ப்பார். ஒரு பூச்சு காய்ந்த பிறகுதான் அடுத்தது.

"இன்னும் ரெண்டே பூச்சு. அப்புறம் வீட்டுக்குப் போயிடலாம்" என்றது குழல்.

கட்டைக்குப் பகீரென்றது. இத்தனை வருடங்களில் யாரும் அதை இப்படித் தொட்டதில்லை. வேலை முடிந்தால் அந்தக் கை வராது.

அன்று பூசிய எண்ணெயைக் கட்டை உள்ளே இழுக்கவில்லை. மறுநாள் பிசுபிசுவென்று ஒட்டியது. வேதமுத்து துடைத்துவிட்டு மறுபடி தேய்த்தார்.

"ஏய், வேணும்னே செய்யறியா? வெட்கமா இல்ல?" என்றது குழல்.

"இல்ல. நாளைக்கும் வருவார், பாரு."

வந்தார். மூன்று நாள் வந்தார். நான்காம் நாள், "இந்த மரத்துக்கு எண்ணெய் ஒத்துவரல. வார்னிஷ்தான் சரி" என்று உப்புத்தாளால் சுரண்டிவிட்டு, பிரஷை எடுத்தார்.

மாலைக்குள் கட்டை கண்ணாடிபோல் மின்னியது.

"அடேயப்பா, என்ன அழகு!" என்றது குழல்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க வேதமுத்து உள்ளங்கையை வைத்தார். அந்தச் சூடு வார்னிஷைத் தாண்டி உள்ளே வரவில்லை.