நிழலுக்கேற்ற உயரம்

"உசரம் கூடுனா நிழலும் அதே விகிதத்துல கூடும். நேர்விகிதம் பொய் சொல்லாது" என்றாள் செண்பகவல்லி டீச்சர். வெயில் மைதானத்தில் பிள்ளைகள் கொடிக்கம்பத்தை அளந்தார்கள், ஒருவரையொருவர் அளந்தார்கள். எல்லோர் நிழலும் அவரவர் உயரத்தில் சரிபாதியாக இருந்தது. கடைசியாக, முப்பிடாதி என்ற மாணவி டீச்சரின் நிழலை அளந்தாள். சந்தேகத்தோடு திரும்பவும் அளந்தாள்.

"டீச்சர், இந்த நிழலுக்கு நீங்க இவ்ளோதான் இருக்கணும்" என்று டீச்சரின் இடுப்புக்கு நேராகக் கையை வைத்துக் காட்டினாள்.

"டேப்பை ஒழுங்காப் பிடிச்சியா, புள்ள?" என்று குனிந்தவள் அந்தக் கை நின்ற உயரத்தைப் பார்த்தாள். போன தேர்த் திருவிழாக் கூட்டத்தில் கைநழுவிக் காணாமல் போன அவள் மகளுக்கு அதே உயரம்தான். டீச்சரின் இரண்டு கைகளும் தொங்கிக்கொண்டிருந்தன. தரையில் நிழல் மட்டும் ஒரு கையை உயர்த்தி, பிடித்துக்கொள்ள ஒரு விரலைத் தேடிக்கொண்டிருந்தது.