சக்கரம் தேடிய மாப்பிள்ளை

பெண் பார்க்க வந்த இடத்தில் சதாசிவம் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். ஆகா, என்ன உருண்டை, என்ன வழவழப்பு! மேலே ஒரு கீறல் கிடையாது.

“டேய், பொண்ணு உள்ள இருக்கு. நீ லாரியையே பாத்துக்கிட்டு நிக்கிறே!” என்று கூட வந்த ஐயாசாமி அவன் இடுப்பில் கிள்ளினார்.

அவன்தான் என்ன செய்வான்? சொந்த ஊரான லாபிஸில் அவனுடைய பழைய லாரி சக்கரம் உடைந்து, இரண்டு மாதமாகக் கட்டை மேல் உட்கார்ந்திருந்தது. அந்தக் காலத்து மரச் சக்கரம். ஜொகூர் பாரு வரை அலைந்துவிட்டான், கடைக்குக் கடை சிரித்தே அனுப்பிவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் லாரி ஓடாவிட்டால், தோட்டத்து ரப்பர் ஏற்றும் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

அச்சாக அதே மாதிரி லாரி காஹாங் ஊரில் சின்னத்தம்பி என்பவர் வீட்டு வாசலில் நின்றது. ஆனால் மனுஷன் ஒரு சக்கரத்தைக்கூடக் கழற்ற விடவில்லை. “இது என் தங்கச்சி சந்திரமதிக்குச் சீதனம்லா. கட்டிக்கிறவனுக்குத்தான் குடுப்பேன்!” என்றுவிட்டார். அவ்வளவுதான், சதாசிவம் வேட்டியை வெளுத்துக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளையாகிவிட்டான்.

இப்போது யாரும் பார்க்காத சமயம் பார்த்து, மடியிலிருந்த மூங்கில் அளவுகோலை எடுத்துச் சக்கரத்தில் வைத்தான். ஆறு துளையும் கச்சிதம்! துள்ளிக் குதிக்கப் போனவன் தலையில், லாரியின் போனட்டுக்குள்ளிருந்து ஒரு பெட்டைக்கோழி கொக்கரித்துக்கொண்டு பறந்து வந்து உட்கார்ந்தது.

“அலமாக்! நல்ல சகுனம்லா!” என்று ஐயாசாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சந்திரமதி காப்பி கொண்டுவந்தாள். தலையைக் குனியவே இல்லை.

“ஒங்க லாரி ரெண்டு மாசமா சும்மாதானே கெடக்கு? கெட்டுப் போயிருக்காதா?” என்று நேராகவே கேட்டாள்.

“அதெப்படி? தினம் காலையில கட்டை மேலயே கிளப்பி விட்டுருவேன். முன்னாடி கம்பிய ஒரே சுத்து, புடிச்சிக்கும். லாபிஸே முழிச்சிக்கும்!”

அவள் முகமெல்லாம் சிரிப்பானாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் சதாசிவம் அளவுகோலை மடிக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினான். சே, எவ்வளவு நல்ல பெண்! கேவலம் ஒரு சக்கரத்துக்காக இவளை ஏமாற்றுவதா?

மனசு கேட்கவில்லை. வேலை போனாலும் போகிறது, உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று சமையல்கட்டுப் பக்கம் போனான். உள்ளே சின்னத்தம்பி தங்கையிடம் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்.

“மாப்பிள்ளைக்கு மூஞ்சி அப்படி ஒண்ணும் லட்சணமா இல்லம்மா. தலையில வேற கோழி. புடிக்கலன்னா இப்பவே சொல்லிரு.”

“மூஞ்சிய விடுங்கண்ணே. நம்ம லாரிக்கு எஞ்சின் கெடச்சிருச்சில்ல!”