‘டு’ போட்ட ஆசை

டியூஷன் மிஸ் வளர்த்த கிளி, கூண்டில் இருந்தபடியே ஆங்கில இலக்கணம் முழுவதையும் கேட்டுக் கற்றுக்கொண்டிருந்தது. ஒரு மாலை, பழம் வைக்க வந்த மிஸ் கூண்டைச் சாத்த மறந்துபோனார்.

“அக்கா, கதவு திறந்து கிடக்கு! சீக்கிரம் வா!” என்று ஜன்னலில் இருந்த காகம் கத்தியது.

“இருடி. எனக்கும் பறக்குற ஆசைதான். அதை இங்கிலீஷ்ல ஒழுங்கா சொல்லிட்டுக் கிளம்புறேன். அதுல ஆசை முதல்ல வரும், அப்புறம் ‘டு’ போட்டுத்தான் பறக்கணும். ‘டிசையர் டு ஃப்ளை’.”

“நம்ம பேச்சுல பறக்குறதுதானே முதல்ல வருது? நீ பறந்துடு. வேப்பமரத்துல உக்காந்து ஆசைப்பட்டுக்கலாம்.”

“படிக்காதவளே, ஃப்ளைக்கு ஒரு வால் வேண்டாமா? ‘அவே’யா, ‘ஆஃப்’பா, ‘அவுட்’டா? வால் மாறினா அர்த்தமே மாறிடும்.”

“எனக்கு இருக்கறது ஒரே வால், அக்கா. அதை வச்சுத்தான் இத்தனை நாளும் பறக்குறேன்.”

கிளி கண்ணை மூடி, ஒவ்வொரு வாலையும் முணுமுணுத்துப் பார்த்தது. கடைசியில் தெளிவு பிறந்து, தெருவுக்கே கேட்கும்படி சொன்னது: “ஐ ஹேவ் எ டிசையர் டு ஃப்ளை அவே!”

மிஸ் ஓடி வந்தார். “அடி என் கண்ணே! ஒரு தப்புகூட இல்லையே!” என்று பூரித்தார். இன்னொரு கொய்யாத் துண்டை உள்ளே வைத்து, கதவைச் சாத்தினார்.

காகம் பறந்துபோனது. காகம் பறந்ததற்கு எந்த வால் போடுவது என்று கொய்யாவைக் கொறித்தபடி கிளி யோசித்தது. ‘அவே’தான். அதில் அதற்குத் துளியும் சந்தேகமில்லை.